ஆரம்பம் நல்லா இருக்கு, அப்புறம்?

"மாமா, நாங்கதான் முதல் இடம்!" என்று அக்கா மகன் புலனத்தில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கல்லூரிகளுக்கு இடையிலான காற்பந்து லீக்கின் புள்ளிப் பட்டியல். அவன் கல்லூரியின் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் நெருப்புப் படங்களை வரிசையாக ஒட்டியிருந்தான். ஆயர் குரோ பக்கம் பொறியியல் டிப்ளோமா படிக்கிறான். இடது பேக் ஆடுகிறான். இதுவரை அவர்கள் தோற்கவில்லை. வாங்கிய கோல்களும் குறைவு. "இந்தத் தடவ கப்பு நமக்குத்தான். உங்க பதிவுல எழுதுங்க மாமா" என்று அடுத்த செய்தி.

எழுதுகிறேன். அவன் எதிர்பார்ப்பது போல இருக்காது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலாக்காவில் பந்து பார்த்து வளர்ந்தவனுக்குப் பருவத்தின் தொடக்கத்தில் வரும் வெற்றி என்றால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். தோற்கும் அணியை விட, ஆரம்பத்தில் ஜெயிக்கும் அணிதான் நம்மை அதிகம் அழ வைத்திருக்கிறது. தோற்கும் அணியை நாம் சீக்கிரமே கைவிட்டுவிடுகிறோம். ஜெயிக்கும் அணிக்குத்தான் ஜெர்சி வாங்குகிறோம்.

அவன் ஆங்கிலப் பிரிமியர் லீக் பைத்தியம், அதனால் அவனுக்குப் புரியும்படி அங்கிருந்தே தொடங்குகிறேன். 2008-09 பருவத்தில் ஹல் சிட்டி என்ற குழு தன் நூற்றாண்டு கடந்த வரலாற்றில் முதன்முறையாக முதல் பிரிவுக்கு ஏறியது. ஏறிய வேகத்தில் ஆர்சனலை அதன் சொந்தத் திடலிலேயே 2-1 என்று வீழ்த்தியது, அடுத்து டோட்டன்ஹாமையும் அதன் இடத்தில் வைத்தே. ஒன்பது ஆட்டங்களில் 20 புள்ளிகள். பட்டியலின் உச்சியில் லிவர்பூல், செல்சியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மாமாக் கடைகளில் அப்போது ஹல் எங்கே இருக்கிறது என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மீதமிருந்த 29 ஆட்டங்களில் அந்த அணி எடுத்தது வெறும் 15 புள்ளிகள். மொத்தம் 35. பதினேழாவது இடம். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், கடைசி நாளில், கீழே விழாமல் தப்பித்தது. அதுவும் அன்று நியூகாசில் தோற்றதால்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு, அது நம் வீட்டுக் கதை. 2010 டிசம்பர் 1-ஆம் தேதி ஜகார்த்தாவில் தென்கிழக்காசியக் கிண்ணத்தின் முதல் ஆட்டம். இந்தோனேசியாவிடம் மலேசியா 1-5 என்று உதை வாங்கியது. பயிற்சியாளர் கே. ராஜகோபால். அடுத்த நாள் காலையில் ரொட்டி சானாய் தின்றபடி அவரைத் திட்டாத ஆளே இல்லை. "இந்த ஆள மாத்தணும்" என்று சொன்னவர்களில் பாதிப் பேர், அதே மாதம் 26-ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கத்தில் அதே இந்தோனேசியாவை மலேசியா 3-0 என்று வென்றபோது தொண்டை கிழியக் கத்தியவர்கள். மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2. மொத்தத்தில் 4-2, கிண்ணம் நம் கையில். மலேசியா அந்தக் கிண்ணத்தை முதன்முதலில் வென்றது அப்போதுதான். அதற்கு முந்தைய ஆண்டு லாவோஸ் நாட்டு வியந்தியானில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியிலும் இதே ராஜகோபால், இளைஞர் அணியை வைத்து, 20 ஆண்டுகளாக வராத தங்கத்தைக் கொண்டுவந்திருந்தார்.

ஆக, ஆரம்பம் இரண்டு பக்கமும் ஏமாற்றும். அப்படியானால் ஒரு அணியின் எதிர்காலத்தை எதை வைத்துச் சொல்வது? என் பதில் ரொம்பச் சாதாரணமானது. இன்று ஆடும் பதினோரு பேரில் எத்தனை பேர் கடைசி ஆட்டத்திலும் திடலில் இருப்பார்கள்? அவர்களை அங்கே நிறுத்தி வைக்க யார் செலவு செய்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் பட்டியலே வேண்டாம்.

கல்லூரி அணி என்பதால் ஒரு பல்கலைக்கழக அணியின் கதையைச் சொன்னால் பொருத்தமாக இருக்கும். யூஐடிஎம். அலோர் காஜா போகும் வழியில் லெண்டுவில் அதற்கு ஒரு பெரிய வளாகம் இருப்பது மலாக்காக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பூமிபுத்ராக்களுக்கான கல்விக்கூடம், நம் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பையன் அந்த வாசலைத் தாண்டித்தான் வேறெங்கோ படிக்கப் போவான். அது வேறு சண்டை, இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம். ஷா ஆலாமில் இருந்து ஆடிய அந்தப் பல்கலைக்கழகத்தின் காற்பந்து அணி 2020-ல் மலேசியாவின் உச்சப் பிரிவான சூப்பர் லீக்குக்கு ஏறியது. ஏறிய விதமும் கொஞ்சம் அதிர்ஷ்டம்தான். பிகேஎன்எஸ் அணி சிலாங்கூரின் இரண்டாம் அணியாக மாறியதால் மேலே ஓர் இடம் காலியானது. இந்த நாட்டில் ஒரு பல்கலைக்கழக அணி உச்சப் பிரிவில் ஆடியது அதுவே முதல் தடவை. ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிராங்க் பெர்ன்ஹார்ட் பயிற்சியாளர்.

எல்லாரும் அவர்களைக் கடைசி இடத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அவர்கள் பெற்றது ஆறாவது இடம். பஹாங், மலாக்கா, சபா எல்லாம் அவர்களுக்குக் கீழே. நானும் கைதட்டினேன், மறைக்க என்ன இருக்கிறது! பணக்கார அணிகளுக்கு நடுவில் ஒரு பல்கலைக்கழக அணி தலைநிமிர்ந்து ஆடினால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் அந்தப் பருவம் எப்படிப்பட்ட பருவம் என்று பாருங்கள். பிப்ரவரி கடைசியில் தொடங்கியது, மார்ச்சில் கோவிட் வந்து நின்றது. ஆகஸ்டு 26-இல் மறுபடி தொடங்கியபோது ஆட்டங்களைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். ஒவ்வோர் அணிக்கும் பதினோரு ஆட்டம்தான். ஒரு சுற்று, அவ்வளவே. நீண்ட பருவத்தில் யாருடைய கால் முதலில் தளரும் என்ற சோதனை அந்த ஆண்டு நடக்கவே இல்லை. 2021-ல் மீண்டும் 22 ஆட்டம் வந்தது. யூஐடிஎம் கடைசி இடம், பேராக்கோடு சேர்ந்து கீழே இறங்கியது. 2022-ல் இரண்டாம் பிரிவில் ஆடியது. 2023-ல் இரண்டு பிரிவுகளையும் ஒன்றாக்கியபோது பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. யூகேஎம் பல்கலைக்கழகத்தின் அணியும் அதற்கு முன்பே சில ஆண்டுகள் இரண்டாம் பிரிவில் ஆடிவிட்டு ஒதுங்கியிருந்தது.

நான் இதை எப்படிப் படிக்கிறேன் என்றால், பதினோரு ஆட்டத்துக்குப் பதினோரு நல்ல ஆட்டக்காரர்கள் போதும். இருபத்திரண்டு ஆட்டத்துக்குப் பெஞ்சில் இன்னொரு அணி வேண்டும். பல்கலைக்கழகத்தின் நிதி என்பது வகுப்பறைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போக வேண்டிய பணம். அதில் உச்சப் பிரிவுக் காற்பந்துக்கு எத்தனை வருடம் செலவழிக்க முடியும்? துணைவேந்தர் மாறினாலே கணக்கு மாறிவிடும்.

சரி, மாநிலத்தின் பணம் இருக்கும் அணி? அங்கேதான் நம் மலாக்கா வருகிறது. மனசு கனக்கும் கதை இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2015-ல் மலாக்கா யுனைடெட் மூன்றாம் பிரிவான எஃப்ஏஎம் லீக்கில் இருந்தது. அங்கிருந்து ஏறியது. 2016-ல் இரண்டாம் பிரிவான பிரிமியர் லீக்கில் ஏறிய வருடமே சாம்பியன். போர்ச்சுகல் நாட்டு எட்வார்டோ அல்மெய்டா பயிற்சியாளர், முன்னால் கோல் அடிக்க ஸ்பாசோயெவிச் என்ற மாண்டினீக்ரோக்காரர். அந்த ஆண்டு கிருபோங் ஹங் ஜெபாட் அரங்கத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். நாற்பதாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கம், 2004-ல் திறந்தது. பல வருடம் காக்கை உட்காரும் அளவில்தான் கூட்டம் இருந்தது. 2016-ல் சாலையில் காடி நிறுத்த இடம் கிடைக்காமல் பாயா ரும்புட் வரை நிறுத்திவிட்டு நடந்தோம். டுரியான் துங்கல், பெர்த்தாம், காடேக் என்று எல்லாத் திசையிலிருந்தும் மோட்டார் சைக்கிள்களில் நம் பையன்கள். பச்சை ஜெர்சி போட்ட தமிழ்ப் பாட்டி ஒருவர் வெற்றிலையை மென்றபடி நடுவரை வைத வசவுகளை இங்கே எழுத முடியாது.

2017-ல் சூப்பர் லீக். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு மாதம் நன்றாக ஆடுவார்கள், நாமும் நம்புவோம். ஆனால் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் மெல்ல மெல்ல வேறொரு செய்தி பெரிதாகிக்கொண்டே வந்தது. சம்பளம் வரவில்லை. 2021-ல் சம்பள பாக்கிக்காக அணியின் மூன்று புள்ளிகளை வெட்டினார்கள். யோசித்துப் பாருங்கள், மழையிலும் சேற்றிலும் ஓடி, ஒரு ஆட்டத்தை வென்று எடுத்த மூன்று புள்ளிகள். அலுவலகத்தில் யாரோ காசோலை எழுதாததால் போயின. ஓடியவனுக்குச் சம்பளமும் இல்லை, புள்ளியும் இல்லை. 2022 பருவம் முடிந்ததும் மலாக்கா யுனைடெட்டுக்கு அடுத்த ஆண்டுக்கான உரிமம் கிடைக்கவில்லை. சரவாக் யுனைடெட்டுக்கும் அதே கதி. 2023-ல் உச்சப் பிரிவில் மலாக்கா என்ற பெயரே இல்லாமல் போனது.

அதனால்தான் ஓர் அணி ஆரம்பத்தில் நன்றாக ஆடுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, போன மாதச் சம்பளம் வந்துவிட்டதா என்பது. கிண்டலுக்குச் சொல்லவில்லை. மலேசியக் காற்பந்தில் இதைவிட நம்பகமான ஜோசியம் கிடையாது. ஜொகூர் அணி 2014 முதல் 2024-25 வரை பதினொரு முறை தொடர்ந்து லீக்கை வென்றது. திறமை இல்லாமல் அது நடக்காது. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற நிம்மதி இல்லாமலும் அது நடக்காது.

தம்பின் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும். பூலாவ் செபாங்கில் நின்றால் ஒரு கால் மலாக்காவில், ஒரு கால் நெகிரி செம்பிலானில். நாங்கள் மூழ்கிக்கொண்டிருந்த அதே 2022-ல் பக்கத்து மாநிலம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. 2021-ல் பிரிமியர் லீக் சாம்பியனாகி மேலே வந்த நெகிரி செம்பிலான், புது அணி என்ற கூச்சமே இல்லாமல் 2022 சூப்பர் லீக்கை நான்காம் இடத்தில் முடித்தது. பயிற்சியாளர் கே. தேவன். ஜாக்குவான் அட்ஹா மாதிரி அனுபவசாலிகள் திடலில் இருந்தார்கள். கோல் வாங்கியவுடன் தலை தொங்காத அணி அது. தம்பின் கடையில் என் நண்பர் ஒருவர் அந்த வருடம் முழுக்க என்னைப் பார்த்ததும் நான்கு விரலைக் காட்டுவார். ஒன்றும் பேச மாட்டார். நானும் பேசவில்லை, பேச என்ன இருந்தது?

தேவன் என்றதும் இன்னொன்று தோன்றுகிறது. நம் ஆட்கள் இப்போது திடலில் குறைந்து பயிற்சியாளர் பெஞ்சில் கூடியிருக்கிறார்கள். ராஜகோபால், 2010-ல் கிளந்தானுக்கு மலேசியக் கிண்ணம் வாங்கிக் கொடுத்த மறைந்த பி. சத்தியநாதன், தேவன், பி. மணியம், இ. இளவரசன். எழுபது, எண்பதுகளில் தெருவெங்கும் பந்து உதைத்த தலைமுறையின் மிச்சம் அது. அப்போது கோல் கம்பத்தில் ஆர். ஆறுமுகம் நின்றார், 'ஸ்பைடர்மேன்'. 1980 ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெற்ற அணியின் கோல் கீப்பர். அணி மாஸ்கோ போகவில்லை, புறக்கணிப்பில் நாடு சேர்ந்துகொண்டது. 1988-ல் சாலை விபத்தில் இறந்தார். 'ஓலா போலா' படத்தில் வரும் கோல் கீப்பர் முத்துவுக்கு அவர்தான் முன்மாதிரி. அவரோடு தற்காப்பில் ஆடிய சோ சின் ஆன் நம் அலோர் காஜாவில் பிறந்தவர் என்பதை இங்கே பலர் மறந்தே போனார்கள். நாட்டுக்காக அவரளவு ஆடிய மலேசியர் வேறு யாருமில்லை. அலோர் காஜா பேருந்து நிலையத்தில் நின்று அவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள், மெஸ்ஸி எந்த ஊர் என்று நம் பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள்.

தோட்டங்களில் பந்து ஏன் அப்படிச் செழித்தது என்று பலரும் உணர்ச்சியாகப் பேசுவார்கள். எனக்குத் தெரிந்த காரணம் கடிகாரம்தான். விடியுமுன் பெரட்டு, இருட்டிலேயே மரம் சீவப் போய், பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் மத்தியானத்தோடு வேலை முடிந்தது. சாயங்காலம் முழுக்கச் சொந்த நேரம். லயன் வீடுகளுக்குப் பக்கத்தில் கோயில், கள்ளுக்கடை, திடல். கள்ளுக்கடைக்குப் போகாதவன் திடலுக்குப் போனான், சிலர் இரண்டுக்கும் போனார்கள். தெபோங், கெமுனிங், புக்கிட் லிந்தாங், டயமண்ட் ஜூபிலி என்று தோட்டத்துக்குத் தோட்டம் குழு இருந்தது. மலாயாவில் ரப்பரை முதன்முதலாக வணிகத்துக்கென்று நட்டது டான் சே யான், அதுவும் இந்த புக்கிட் லிந்தாங்கில்தான், 1890-களில். அந்த மண்ணில் சுழற்கிண்ணத்துக்கு மோதிய ஆட்டங்களை எந்த வரலாற்றுப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. கிராணி ஐயா நடுவர், தண்டல் கோட்டு நடுவர். இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தால் சண்டை, எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தாலும் சண்டை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நிலம் கைமாறியது, திடலும் நிலத்தோடு போனது. பிள்ளைகள் தாமான்களுக்கு வந்தார்கள், ஆயர் குரோ, பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளில் சேர்ந்தார்கள். ஷிப்டு வேலை வந்த பிறகு சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதினோரு பேரை ஒன்றாகச் சேர்ப்பது நடக்காத காரியமானது. ஒருவன் உள்ளே போகும் நேரத்தில் இன்னொருவன் தூங்கப் போகிறான். தோட்டக் குழுக்களைக் கொன்றது கைப்பேசி என்று சொல்பவர்களிடம் நான் ஒத்துப்போவதில்லை. கைப்பேசி வருவதற்கு வெகுநாள் முன்பே திடலில் புல் முளைத்துவிட்டது.

இதற்கு மருந்தாகத்தான் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம், மிஃபா, ஒரு அணியை உருவாக்கியது. அதுவும் ஆரம்பத்தில் சிட்டாகப் பறந்த அணிதான். எஃப்ஏஎம் லீக்கிலிருந்து ஏறி 2017-ல் பிரிமியர் லீக், 2018-ல் மூன்றாம் இடம், 2019-ல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக். கடைசிப் பருவமான 2022-ல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், மணியத்தின் பயிற்சியில், முழுக்க உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்தே ஆடினார்கள். கீழே விழவும் இல்லை. அந்தப் பருவம் முடிந்ததும் லீக்கிலிருந்து விலகிக்கொண்டார்கள். மலாக்காவின் பெயர் காணாமல் போன அதே ஆண்டில் இதுவும் போனது. எனக்கு அந்த வருடக் கடைசி ஒரு சாவு வீடு மாதிரி இருந்தது என்றால் மிகையில்லை.

இங்கே ஒரு கோபத்தைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். 2025 செப்டம்பரில் ஃபிஃபா, மலேசியாவுக்கு ஆடிய ஏழு வெளிநாட்டுப் பிறவி ஆட்டக்காரர்களுக்கு ஓராண்டுத் தடை போட்டது. தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்பது குற்றச்சாட்டு. தாத்தாவும் அப்பாவும் தானும் இந்த மண்ணிலேயே பிறந்தும், பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஒரே காரணத்தால் சிவப்பு அடையாள அட்டையோடு அலையும் குடும்பங்கள் நம் தோட்டங்களில் எத்தனை! ஜாசினில் பந்து உதைக்கும் பையனின் தாத்தாவைத் தேட ஆளில்லை.

சரி, அக்கா மகன் அணிக்கு வருவோம். பையன் காத்திருப்பான்.

அவர்கள் ஆட்டம் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். நல்ல அணி, சந்தேகமே இல்லை. பதினோரு பேரில் நான்கு தமிழ்ப் பையன்கள், மெர்லிமாவ் பக்கமிருந்து ஒருவன், தெபோங்கிலிருந்து ஒருவன். மற்றவர்கள் மலாய், சீனப் பிள்ளைகள். திடலில் எல்லாரும் மலாயில் கத்துகிறார்கள், கோல் விழுந்தால் மட்டும் தமிழில் ஒரு சத்தம். நடுத்திடலில் அவசரமில்லாமல் பந்தை வைத்திருக்கிறார்கள். இந்த வயதில் அது அபூர்வம். தற்காப்பு ஒழுங்காக வரிசை பிடிக்கிறது. என் மருமகன் மேலே ஏறிவிட்டுத் திரும்பி ஓடி வரச் சோம்பல்படுகிறான், அதை நேரிலேயே சொல்லிவிட்டேன்.

இனி கசப்பு. அடித்த கோல்களில் பெரும்பகுதி கார்னரிலும் ஃப்ரீகிக்கிலும் வந்தவை, அதுவும் ஒரே பையனின் தலையிலிருந்து. எதிரணிகளின் பயிற்சியாளர்களுக்கும் கண் இருக்கிறது. இனி அவன் மேல் இரண்டு பேர் ஏறி நிற்பார்கள், அப்போது யார் கோல் அடிப்பது? இதுவரை மோதியவை பட்டியலின் கீழ்ப்பாதி அணிகள். பலமான அணிகளோடு ஆட வேண்டியதெல்லாம் பின்னால் இருக்கிறது, அதிலும் அநேகமாக வெளித் திடல்களில். மெட்ரிகுலேசன், பெரிய பல்கலைக்கழகங்கள் என்றால் அங்கே ஆட்களைப் பொறுக்கி எடுக்கக் கூட்டம் அதிகம். இந்தச் சின்னக் கல்லூரியில் பயிற்சிக்கு வருவதே பதினான்கு பேர்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை கோல் கம்பத்தில். கோல் கீப்பர் பையன் அருமையானவன், இவர்கள் குறைவாகக் கோல் வாங்கியதற்கு அவன்தான் காரணம். ஆனால் அவன் கடைசி செமஸ்டர் மாணவன். சீக்கிரமே தொழிற்பயிற்சிக்கு ஷா ஆலாமோ பினாங்கோ போய்விடுவான். அடுத்தவன் யார் என்று கேட்டேன். மருமகன் சிரித்தான். "இன்னும் யாரும் இல்ல மாமா. ஒருவேள நானே நிக்க வேண்டி வரலாம்." கல்லூரி அணிகள் பாதியில் சரிவதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. தேர்வு வரும், தொழிற்பயிற்சி வரும், வருடக் கடைசி மழை வரும், நனைந்த திடலில் கணுக்கால் பிசகும், சீனியர்கள் சுருள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். தொழில்முறை அணிகளில் சம்பளம் செய்கிற வேலையை இங்கே செமஸ்டர் அட்டவணை செய்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அணி அமைக்காத பயிற்சியாளர் நடுவழியில் நிற்பார்.

இவர்களுடைய பயிற்சியாளர் ஒரு விரிவுரையாளர், வகுப்பு முடிந்து சொந்த நேரத்தில் வருகிறார். நல்ல மனிதர், விசிலைக் குறைவாக ஊதுகிறார், பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அவருக்கு அறிவுரை சொல்லும் ஆள் நான் இல்லை, ஆனாலும் மனசில் பட்டதைச் சொன்னேன். இரண்டாவது கோல் கீப்பராக ஒருவனை இப்போதே, சுலபமான ஆட்டங்களில் இறக்கிப் பாருங்கள் என்றேன். முதல் ஆண்டுப் பிள்ளைகளில் நாலைந்து பேரைக் கடைசி இருபது நிமிடமாவது ஆட விடுங்கள், தோற்றாலும் பரவாயில்லை என்றேன். "தோத்தா பேருந்துக்குக் காசு தரமாட்டாங்க சார்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜெயித்தால்தான் பணம், பணம் வந்தால்தான் ஜெயிக்க முடியும் என்ற இந்தச் சுழலில் மாட்டாத அணி நாட்டில் எது?

மலாக்கா எஃப்சி என்ற பெயரில் நம் மாநிலம் ஏ1 அரைத் தொழில்முறை லீக்கிலிருந்து 2025-26 பருவத்தில் மீண்டும் சூப்பர் லீக்குக்கு ஏறியது. அவர்களைப் பற்றியும் எழுதச் சொல்லிச் சிலர் கேட்டீர்கள். ஒரு பருவம் முழுக்கச் சம்பளம் ஒழுங்காக வந்தால் தனிப் பதிவாக எழுதுகிறேன். அதுவரை ஜெர்சி மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.

மருமகனே, உன் அணி பற்றி மாமாவின் கணிப்பு இதுதான். கோல் கீப்பர் போவதற்குள் மாற்று ஆள் தயாரானால் பட்டியலின் மேல் வரிசையில் முடிப்பீர்கள். இல்லையென்றால் நான்காவது, ஐந்தாவது இடம். கப்பு இந்த வருடம் வராது. நான் சொன்னதற்கு மாறாக வந்துவிட்டால், ஆயர் குரோ கடையில் உன் முழு அணிக்கும், பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கும் சேர்த்து, ரொட்டியும் தே தாரேவும் என் கணக்கு. இதைப் படிக்கிற மலாக்காக்காரர்கள் சாட்சி. ஆட்டங்கள் சனிக்கிழமை சாயங்காலங்களில் நடக்கின்றன, நுழைவுக் கட்டணம் கிடையாது. கூட்டம் இல்லாத திடலில் பிள்ளைகள் ஆடுகிறார்கள், ஒரு நாள் குடும்பத்தோடு போய் நின்று கைதட்டிவிட்டு வாருங்கள்.